காயில் கட்டுவோரும் ஏடு காப்போரும்

பழைய குளிர்பெட்டிகளை மீட்டெடுப்பது அண்மைக்காலத்தில் ஒரு ரசனையாக வளர்ந்திருக்கிறது. வளைந்த தோளும் கனத்த கதவும் நெம்புகோல் போன்ற கைப்பிடியும் கொண்ட ஒரு பெட்டி பழைய இரும்புக் கடையிலிருந்து வீட்டுக்கு வருகிறது. துரு தேய்க்கப்படுகிறது, வெள்ளை வண்ணம் பூசப்படுகிறது, மங்கிய பெயர்த்தகடு பளபளக்கிறது. எரிந்துபோன பழைய கம்ப்ரஸர் அறுத்தெறியப்பட்டு, அதே இடத்தில் கடையில் கிடைக்கும் புதிய கம்ப்ரஸர் ஒன்று பொருத்தப்படுகிறது. பிறகு அதற்கு 'மீட்பு' என்று பெயரும் சூட்டப்படுகிறது. நம் இலக்கிய அன்பர்கள் சிலரும் இத்தகைய பெட்டிகளை வரவேற்பறையில் வைத்து, அந்தக் காலத்துப் பொருள் அந்தக் காலத்துப் பொருள்தான் என்று நெகிழ்கிறார்கள்.

பழைய அட்டைக்குள் புதிய நூலை வைத்துத் தைத்தால் அதை நாம் மீட்பு என்று சொல்வதில்லை. இடைச்செருகல் என்போம், கடுமையாகச் சொன்னால் மோசடி என்போம். பாட வேறுபாட்டுக்காக ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டும் மரபில் வந்த நாம், ஓர் இயந்திரத்தின் வயிற்றில் நடக்கும் முழுச் செருகலை மட்டும் எப்படி ரசிக்கிறோம்? எரிந்த காயிலை எண்ணிப் பார்த்து, அதே எண்ணிக்கையில் மறுபடியும் கட்டுவதுதான் மீட்பு என்பது நம் கட்சி. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவு எழுதப்பட்டிருக்கும் நோட்டுகளை நம்மில் ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை என்பது நம் குற்றச்சாட்டு.

முதலில் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தொடக்ககாலக் குளிர்பெட்டிகள் பலவற்றில் மோட்டார் வெளியே நின்று, பெல்ட் மூலம் கம்ப்ரஸரைச் சுழற்றியது. தண்டு வெளிவரும் இடத்தில் வாயு கசியும். இந்தத் தொல்லைக்கு முடிவாக மோட்டாரையும் பம்பையும் ஒரே எஃகு ஓட்டுக்குள் வைத்து மூடினார்கள். 1927-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் வெளியிட்ட 'மானிட்டர் டாப்' பெட்டி இந்த வகையில் பெரும் புகழ் பெற்றது; தலையில் உருளை ஒன்றைச் சுமந்து நின்ற அதன் தொடக்ககால மாதிரிகளுக்குள் ஓடியது கந்தக டை ஆக்சைடு. இந்தியாவில் 1958-இல் கோத்ரெஜ் குளிர்பெட்டி உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில் மூடிய ஓடுதான் வழக்கம். ஆகவே நாம் மீட்க நினைக்கும் பெரும்பாலான பெட்டிகளின் இதயம் பற்றவைத்து மூடப்பட்ட ஓர் இரும்புக் குடுவை. உள்ளே எண்ணெயும் குளிரூட்டும் வாயுவும் சூழ, தாமிரக் கம்பி சுற்றிய மோட்டார் வாழ்கிறது. மூடிய பொருளைத் திறக்க முடியாது என்ற மயக்கம் அங்கேயே பிறந்துவிட்டது.

திறக்கலாம். பற்றவைத்த விளிம்பை லேத்தில் கொடுத்தோ கிரைண்டரால் சுற்றிவர அறுத்தோ ஓட்டைப் பிரிக்கிறார்கள். இரும்புத் துகள் ஒன்றுகூட உள்ளே விழக்கூடாது. பம்பையும் பிஸ்டனையும் கழற்றி வைத்தபின் ஸ்டேட்டர் கைக்கு வருகிறது. அதன்பிறகு நடப்பதை நம் மக்கள் 'காயில் கட்டுதல்' என்கிறார்கள். ரீவைண்டிங் என்ற சொல் கடைப் பலகையில் இருக்கும், பேச்சில் கட்டுவதுதான். யாப்பு என்ற சொல்லுக்கும் கட்டுதல் என்பதே பொருள் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். சொல் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று யாரேனும் கருதினால், அவர்கள் ஒரு நாள் காயில் கட்டுபவரின் அருகே அமர்ந்து பார்க்கட்டும்.

எரிந்த காயிலை அவர் உடனே பிடுங்குவதில்லை. பிடுங்கினால் பாடம் போய்விடும். முதலில் ஸ்லாட்டுகளை எண்ணுகிறார். எந்த ஸ்லாட்டில் நுழைந்த கம்பி எந்த ஸ்லாட்டில் வெளிவருகிறது என்று குறிக்கிறார். 24 ஸ்லாட்டும் 2 போலும் உள்ள ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு போலுக்குரிய ரன்னிங் காயில் 1-12, 2-11, 3-10, 4-9 என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும். வெளிக் காயிலில் சுற்று அதிகம்; உள்ளே போகப் போகக் குறையும். இப்படிக் குறைவது சோம்பலால் அல்ல, காந்தப் புலம் ஒரே அலையாக எழுந்து விழவேண்டும் என்பதற்காக. ஸ்டார்ட்டிங் காயில் இதிலிருந்து கால் வட்டம், அதாவது 6 ஸ்லாட் தள்ளி அமரும். இவை ஒவ்வொன்றின் சுற்றையும் தனித்தனியே எண்ணவேண்டும். கருகிப் பாகாகி ஒட்டிக்கொண்ட கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவதும், செல்லரித்த ஏட்டில் எழுத்தைத் தேடுவதும் ஒரே வகை உழைப்பு. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரைப் பற்றி மேடைதோறும் உருகுகிறோம். அவர் செய்ததில் பாதி எண்ணுவதும் ஒப்பிடுவதும்தான்.

பின்பு கம்பியின் பருமன். எனாமலைச் சுரண்டி நீக்கிவிட்டு மைக்ரோமீட்டரில் அளக்கிறார்கள். 25 கேஜ் என்றால் 0.508 மில்லிமீட்டர். 26 கேஜ் என்றால் 0.457. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். குறுக்குப் பரப்பிலோ ஏறத்தாழ 19 விழுக்காடு குறைந்துவிடுகிறது. அதனால் தடை ஏறும், சூடு ஏறும். ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதற்கு நாம் சொல்லும் எடுத்துக்காட்டுகளைவிட இது தெளிவானது. கையில் 25 இல்லை என்று 26-ஐச் சுற்றிக் கொடுப்பவரை நாம் வாதாடிக் காக்கப்போவதில்லை. தாமிரம் விலை ஏறிவிட்டது என்று அலுமினியக் கம்பி சுற்றுவோரையும் அப்படியே. அலுமினியத்தின் தடை தாமிரத்தைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. அதே தடைக்கு அத்தனை மடங்கு குறுக்குப் பரப்புள்ள கம்பி வேண்டும். தாமிரத்துக்காக வெட்டிய ஸ்லாட்டில் அதற்கு இடம் ஏது?

இந்தக் கலையின் நுட்பம் எல்லாம் கூடி நிற்கும் இடம் ஸ்டார்ட்டிங் காயில். மோட்டார் நின்ற நிலையிலிருந்து புறப்படுவதற்கு மட்டும் அது வேலை செய்கிறது. வேகம் பிடித்ததும் ரிலே அதைத் துண்டித்துவிடும். ரிலே ஒட்டிக்கொண்டால் மெல்லிய கம்பி சிறிது நேரத்தில் கருகிவிடும். புறப்படும் விசை கிடைக்க, இந்தக் காயிலின் தடை கூடுதலாக இருக்கவேண்டும். ஆனால் சுற்றின் காந்த வலிமை கூடிவிடக்கூடாது. பழைய வடிவமைப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சில சுற்றுகளை நேர்த்திசையில் சுற்றிவிட்டு, இன்னும் சிலவற்றை வேண்டுமென்றே எதிர்த்திசையில் சுற்றினார்கள். எதிர்ச்சுற்று காந்தத்தைக் கழிக்கும். கம்பியின் நீளத்தால் தடையை மட்டும் கூட்டும். விவரம் அறியாதவர் கண்ணுக்கு இது முன்னவர் செய்த பிழையாகத் தோன்றும். உடனே 'திருத்தி' எல்லாவற்றையும் ஒரே திசையில் சுற்றிவிடுவார். மோட்டார் உறுமும், நகராது. நகர்ந்தாலும் சூடேறி ஓவர்லோட் விழும். பிறகு பழி பழைய பெட்டியின் தலையில்.

தமக்குப் பொருள் விளங்காத வடிவத்தை எழுத்துப்பிழை என்று கருதித் திருத்திய பதிப்பாசிரியர்கள் நம்மிடமும் உண்டு. பெயர் சொல்லவேண்டாம், படித்தவர்கள் அறிவார்கள். புறநானூற்றில் சிதைந்த இடங்களைச் சிதைந்தவை என்றே காட்டிய பதிப்பு நேர்மையைப் போற்றுகிறோம் அல்லவா? எதிர்ச்சுற்றை எதிர்ச்சுற்றாகவே எண்ணி, விளங்காவிட்டாலும் அப்படியே கட்டிக்கொடுக்கும் கைவினைஞர் அதே நேர்மையின் உடன்பிறப்பு. அவருக்குப் பொன்னாடை போர்த்தவேண்டாம். அவர் எழுதி வைத்திருப்பதைப் படிப்போம்.

தூத்துக்குடியை வைத்து இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வ.உ.சி. துறைமுகத்து ஊரில் மோட்டார் எரிவது அன்றாட நிகழ்ச்சி. உப்பளங்களில் நிலத்தடி உப்புநீரை இறைக்கும் மோட்டார்கள், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பாளம் பாளமாக ஐஸ் அனுப்பும் ஆலைகளின் மோட்டார்கள், பட்டறைகளின் மோட்டார்கள் என எல்லாமே உப்புக்காற்றைக் குடித்து வாழ்கின்றன. உப்பு படிந்த இடத்தில் ஈரம் தங்கும். ஈரம் தங்கிய இடத்தில் இன்சுலேஷன் சாகும். ஆகவே இந்தக் கரையில் காயில் கட்டும் கைகளுக்குப் பயிற்சி தானாகவே வாய்க்கிறது.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாட விரும்பவில்லை. அம்மோனியாவில் ஓடும் ஐஸ் ஆலையில் மோட்டார் எப்போதும் வெளியேதான் நிற்கும். அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் தாமிரத்தை அரித்துவிடும் என்பதால் காயிலை வாயுவுக்குள் வைக்கமுடியாது. திறந்த மோட்டாரில் பழகியவர், காயிலைக் கட்டி மூங்கில் குச்சி செருகி, சாதாரண வார்னிஷில் தோய்த்துக் காயவைப்பார். ஐஸ் ஆலை மோட்டாருக்கு அது போதும். அதே பழக்கத்தைக் குளிர்பெட்டியின் மூடிய ஓட்டுக்குள் கொண்டுபோனால் கேடுதான். அங்கே காயில் சூடான எண்ணெயிலும் குளிரூட்டும் வாயுவிலும் குளித்தபடியே இருக்கும். சாதாரண வார்னிஷ் கரைந்து, கேபிலரி குழாயின் முடியளவு துவாரத்தில் போய் அடைத்துக்கொள்ளும். மூங்கிலின் ஈரம் எண்ணெயில் இறங்கி அமிலமாகும். வாயுவைத் தாங்கும் எனாமல் கம்பி, பாலியெஸ்டர் தாள், பருத்தியல்லாத கட்டுநூல், வார்னிஷ் இல்லாத இறுக்கமான கட்டு, மணிக்கணக்கில் சூட்டில் உலர்த்தல், மூடும் முன் வாக்குவம் இழுத்தல் என அது தனி ஒழுக்கம். எரிந்த மோட்டார் விட்டுச்சென்ற அமிலத்தைக் குழாய்கள் முழுக்கக் கழுவி, வடிகட்டி உலர்த்தியையும் மாற்றவேண்டும். இவற்றில் ஒன்றை விட்டாலும் கட்டிய காயில் மறுபடி எரியும். 'ரீவைண்டிங் செய்தால் தாங்காது' என்ற பேச்சு பிறந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட அரைகுறை வேலைகளால்தான். அரைகுறைப் பதிப்புகளைக் கண்டு ஏடுகளையே எரித்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லையே.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. கருகிய காயிலை எளிதில் கழற்ற, ஸ்டேட்டரை அப்படியே நெருப்பில் போடுகிறார்கள். புகை ஊருக்கு, சேதம் இரும்புக்கு. ஸ்டேட்டர் என்பது ஒன்றோடொன்று மின்தொடர்பு அற்ற மெல்லிய தகடுகளின் அடுக்கு. கட்டுப்பாடற்ற தீயில் தகடுகளுக்கிடையிலான பூச்சு எரிந்து, அடுக்கு முழுதும் ஒரே கட்டியாக நடந்துகொள்ளும். மின்சாரம் வெப்பமாக வீணாகும். மின்மோட்டார் பழுதுநீக்கும் துறையின் ஈ.ஏ.எஸ்.ஏ., ஏ.இ.எம்.டி. அமைப்புகள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பத்தை ஏறத்தாழ 360 டிகிரி செல்சியஸ் எல்லைக்குள் அடக்கி, கம்பியின் பருமனைக் குறைக்காமல் கட்டினால் மோட்டாரின் திறன் குறையவேண்டியதில்லை என்று காட்டியது. ஆய்வுக்கு எடுத்தவை பெரிய தொழிற்சாலை மோட்டார்கள், குளிர்பெட்டி மோட்டார்கள் அல்ல. ஆனாலும் காரணகாரியம் இரண்டுக்கும் பொதுவானது.

துறைமுக ஊர் என்பதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அமெரிக்கப் பெட்டி ஒன்று கைக்கு வந்தால் அது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் பிறந்தது. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பலர் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை மாட்டி முடித்துக்கொள்கிறார்கள். வோல்ட் பாதியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. இரும்பு காந்தத்தால் நிறைந்து மோட்டார் கொதிக்கும். காயில் கட்டுபவரோ இரண்டையும் ஒரே பெருக்கலில் அடக்குகிறார். வோல்ட்டுக்கு 2, ஹெர்ட்ஸுக்கு 1.2, ஆக 2.4. முன்பு 100 சுற்று இருந்த இடத்தில் 240 சுற்று, கம்பியின் பரப்பு 2.4-இல் ஒரு பங்கு. வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும், குளிர் சற்று மெதுவாக வரும். அது தவிர்க்கமுடியாத இழப்பு. மொழிபெயர்ப்பில் எது போகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் மொழிபெயர்ப்பாளரை நாம் எங்கே கண்டோம்?

இனி எதிர்க்கட்சியின் வாதங்கள். பழைய பெட்டி மின்சாரத்தைக் குடிக்கும் என்பார்கள். உண்மை. நாளெல்லாம் பால் வைக்க ஒரு பெட்டி வேண்டுமென்றால் புதியதை வாங்குங்கள், நமக்கு மறுப்பில்லை. நாம் பேசுவது, பழமையின் பெயரால் காக்கப்படும் பெட்டிகளைப் பற்றி. அங்கே சிக்கனம் பேசுவது, ஓலைச்சுவடியைவிட அச்சுப் புத்தகம் இடத்தை அடைக்காது என்பதைப் போன்றது. அடுத்தது குளிரூட்டும் வாயு. பழைய பெட்டிகளில் பெரும்பான்மையானவை ஆர்-12 வாயுவுக்கு அமைந்தவை. ஓசோன் படலத்தைத் தின்னும் அந்த வாயுவைக் கட்டுப்படுத்த 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1992-இல் இணைந்தது. அவ்வகை வாயுக்களின் உற்பத்தி இங்கே 2008-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே வாயுவை மாற்றத்தான் வேண்டும். இருக்கும் வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் பிடித்து ஒப்படைக்கவேண்டும். மாற்றுக்கு வரும் ஹைட்ரோகார்பன் கலவை பழைய எண்ணெயோடு ஒத்துப்போகும், ஆனால் தீப்பிடிக்கும்; ஆர்-134ஏ தீப்பிடிக்காது, ஆனால் எண்ணெயையே மாற்றக் கேட்கும். இதில் தூய்மைவாதம் பேசினால் உலகுக்குத் தீங்கு, நாம் பேசவில்லை. மூச்சு மாறலாம். அதைக் காரணம் காட்டி நுரையீரலையும் இதயத்தையும் தூக்கி எறிவதுதான் ஏற்க முடியாதது.

மூன்றாவது வாதம் செலவு. புதிய கம்ப்ரஸரின் விலைக்குக் கூலி வந்துவிடுகிறது என்கிறார்கள். வரட்டுமே! வண்ணப்பூச்சுக்கும் குரோம் முலாமுக்கும் பேரம் பேசாமல் கொடுத்தவர், எண்ணி எண்ணிக் கட்டும் கைக்குக் கொடுக்கும்போது மட்டும் கணக்கைத் திறப்பது ஏன்? தமிழ்ச் சூழலில் மெய்ப்புத் திருத்துபவருக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்கிறது. அட்டைப் படத்துக்குக் கூலி உண்டு, எழுத்தெண்ணுபவருக்கு இல்லை.

தாமிரத்தைப் பற்றி இந்த ஊரில் பேசும்போது சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டம் 100-ஆவது நாளை எட்டியபோது, 2018 மே 22, 23 நாட்களில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் மாண்டனர். மே 28-இல் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. காயில் கட்டுவதிலும் புதுத் தாமிரம் செலவாகத்தான் செய்கிறது. ஒரு குளிர்பெட்டி மோட்டாருக்குச் சில நூறு கிராம். இதைக்கொண்டு பெரிய நீதி ஏதும் நிலைநாட்டிவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காயிலை மட்டும் மாற்றுபவர் வார்ப்பிரும்புப் பம்பையும் தண்டையும் தகட்டடுக்கையும் காக்கிறார்; கழற்றிய தாமிரத்தை எடைபோட்டுத் தனியே வைக்கிறார். கம்ப்ரஸரோடு மாற்றுபவருக்குள்ளே எவ்வளவு தாமிரம் இருந்தது என்பதுகூடத் தெரியாது. தாமிரத்துக்காகச் செத்தவர்களின் ஊரில் வாழ்பவர்கள் இந்த இருவரையும் ஒரே வரிசையில் வைக்கக்கூடாது.

இப்போது நோட்டுக்கு வருவோம். பல வைண்டிங் கடைகளில் எண்ணெய்ப் பிசுக்கேறிய நீள நோட்டு ஒன்று இருக்கும். எந்தக் கம்பெனி, எத்தனை எச்.பி., எத்தனை ஸ்லாட், பிட்ச், டர்ன்ஸ், கேஜ், கனெக்ஷன். ஓரத்தில் தமிழில் ஒரு வரி: சூடாகிறது, இரண்டு சுற்று கூட்டவும். அல்லது: பழைய கட்டு தவறு, நம்பவேண்டாம். மூலமும் உரையும் பாட வேறுபாடும் ஒரே பக்கத்தில். பழைய கம்பெனிகள் பல மறைந்துவிட்டன. அவற்றின் அட்டவணைகள் கிடைப்பதில்லை. ஒரு மாதிரியின் சுற்றெண்ணிக்கை உலகில் இந்த நோட்டில் மட்டும் எஞ்சியிருக்கக்கூடும். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டால் கடையோடு நோட்டும் பழைய தாள் எடைக்குப் போகும்.

மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். அந்தத் தொழில் நின்றாலும் அதன் கணக்கு நிற்கிறது. சிப்பிக்கு வரி இருந்தது; ஆகவே அரசாங்கங்கள் எண்ணி எழுதிவைத்தன; தர்ஸ்டனும் ஹார்னெலும் அறிக்கை எழுதினார்கள். பரதவர் வாழ்வும் கடல்சொல்லும் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' நாவல்களில் இடம்பெற்றன. கரிசல் சொற்களுக்குக் கி.ராஜநாராயணன் 1982-இல் அகராதி தந்தார். வைண்டிங் கடையின் சொற்களுக்கு என்ன இருக்கிறது? கலைச்சொல் குழுவினர் தந்த நிலையியும் சுழலியும் இருக்கின்றன. நல்ல சொற்கள்தாம். ஆனால் அவற்றை ஆக்கியோரில் எத்தனை பேர் ஒரு கடைத்திண்ணையில் அமர்ந்து, 'காயில் கட்டு', 'கரண்ட் இழுக்குது', 'பாடி அடிக்குது' என்ற பேச்சைக் குறித்துக்கொண்டார்கள்? இது ஆங்கிலக் கலப்பு என்று மூக்கைச் சுளிப்பவர்கள், 'கட்டு'வும் 'இழு'வும் 'அடி'யும் எந்த மொழி என்று சொல்லட்டும்.

துறைமுகத்துக்குப் பெயர் தந்தவரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்கமுடியவில்லை. 1906-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி.தான், சிறையிலிருந்து மீண்டபின் 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணத்திலும் உழைத்தார். கப்பல் அவருக்கு ஒரு துறை, சுவடி வேறொரு துறை என்று இருக்கவில்லை. அவர் பெயரில் கருத்தரங்கு நடத்தும் நாமோ, நாட்டார் பாடல் சேகரித்தால் ஆய்வேடு, வைண்டிங் நோட்டைப் படியெடுத்தால் அது வேறு துறை என்று மாணவரைத் திருப்பி அனுப்புகிறோம். பொறியியல் துறைக்குப் போனால் அங்கே அது பழைய தொழில்நுட்பம். இரண்டு வாசலிலும் நுழைய முடியாத நோட்டு பழைய தாள் கடைக்குப் போகிறது.

இவ்வாண்டு கள ஆய்வுக்கு மாணவரை அனுப்பும் ஆசிரிய நண்பர்கள் யாரேனும் இதை ஏற்பதானால், சேகரிக்கவேண்டியது இவ்வளவு. பக்கங்களைப் படமெடுங்கள், ஓரக்குறிப்புகளையும் சேர்த்து. பழைய பெட்டி எதுவும் கடைக்கு வந்தால், ஓட்டை அறுக்கும் முன் மூன்று முனைகளுக்கிடையிலான தடையை அளந்து எழுதுங்கள். காமனிலிருந்து ரன்னிங், காமனிலிருந்து ஸ்டார்ட்டிங், பின்பு அவ்விரண்டுக்கும் இடையே. காயில் நல்ல நிலையில் இருந்தால் மூன்றாவது அளவு முதலிரண்டின் கூட்டுத்தொகையாக இருக்கும். கட்டுபவர் எண்ணும்போது அருகிலிருந்து நீங்களும் எண்ணுங்கள். ஸ்டார்ட்டிங் காயிலில் எதிர்ச்சுற்று இருந்தால், மொத்தத்தில் சேர்த்துவிடாமல், எத்தனை நேர், எத்தனை எதிர் என்று தனித்தனியே குறியுங்கள்.